தாயை நினைவுகூர்தல்: இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குச் சில சிந்தனைகள்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம் 2ஆம் திகதி, மரித்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூருகின்றது. அந்நாளை ஒட்டிப் பேசாலையிலும் மன்னார்த் தீவின் ஏனைய கத்தோலிக்கக் கிராமங்களிலும் மக்கள் சேமக்காலைகளைத் துப்புரவு செய்கின்றனர். கல்லறைகளில் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுகின்றனர். குருவானவர் கல்லறைகளை மந்திரிக்கின்றார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாயின் கல்லறையைச் சுற்றி நின்று செபிக்கின்றனர்.

ஆனால் இவ்விதழைக் கையில் எடுக்கும் குடும்பங்களுள் பலவற்றுக்கு அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. சிலருடைய தாய் வன்னியில் ஏதோவொரு வழியோரத்தில், அடையாளம் இடப்படாத நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். சிலருடைய தாய் கடலுக்கு அப்பால், தமிழகத்து முகாமொன்றின் அருகில் துயில்கின்றார். வேறு சிலருக்குத் தாய் எங்கே மறைந்தார் என்பதே தெரியாது. மீள்குடியேறிய பின்னும் பழைய சேமக்காலையில் எந்த மேடு யாருடையது என்று கண்டுகொள்ள முடியாதவர்களும் உண்டு.

கல்லறை இல்லாத தாயை எங்கே நின்று நினைப்பது? நினைப்பதென்றால் அவரிடத்தில் எதை நினைப்பது? இவ்விரு கேள்விகளையும் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். தாயின் நினைவைக் காப்பது அழுகையோடும் பூசையோடும் முடிந்துவிடும் காரியமல்ல. அவருடைய வாழ்க்கையை உண்மையாக எழுதி வைப்பதும் பிள்ளைகளுக்குரிய கடமையே. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அக்கடமை இரட்டிப்பாகின்றது. ஏனெனில் வீட்டையும் வயலையும் கோயிலையும் விட்டு ஓடிய குடும்பத்தில், அவை எல்லாவற்றின் நினைவையும் மனத்தில் சுமந்து வந்தவர் பெரும்பாலும் தாயே.

பெயர் தெரியாத தாய்மார்

மன்னார் மண்ணில் விசுவாசத்தின் வரலாறு இரத்தத்தோடு தொடங்கியது. 1544ஆம் ஆண்டில், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மக்களுள் ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் கட்டளைப்படி கொல்லப்பட்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்களை நமக்கு நினைவூட்டுகின்றது. எனினும் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. மரிக்கும் வேளையில் எந்தத் தாய் எந்தப் பிள்ளையை அணைத்துக்கொண்டிருந்தார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்கக் குருக்களுக்கு நாட்டில் இடமில்லாது போயிற்று. கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் 1687இல் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், மக்கள் குருக்கள் இல்லாமலே வாழ்ந்தனர். அக்காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தேவதாயின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றன என்றும், அச்சொரூபமே இன்று மடுவில் நாம் வணங்கும் அன்னையின் சொரூபம் என்றும் மரபுவழி வரலாறு கூறுகின்றது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் வந்து செபித்தார்.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் குரு இல்லை, பூசை இல்லை. ஆயினும் யோசப் வாஸ் அடிகளார் வந்தபோது செபம் தெரிந்த மக்கள் இருந்தனர். அச்செபங்களைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? அது வீட்டுக்குள் நடந்த பணி. வீட்டுக்குள் நடப்பதைப் பதிவேடுகள் எழுதுவதில்லை. ஆகவே அத்தாய்மாரின் பெயர்களும் நமக்குத் தெரியவில்லை.

நம் காலத்திலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது மன்னார்ப் பகுதி மக்கள் நாற்புறமும் சிதறினர். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. கடற்றொழிலாளரின் கிராமமாகிய பேசாலை, வயலை விட்டு வந்த கமக்காரக் குடும்பங்களுக்கும் அடைக்கலமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் படகேறித் தமிழகம் சென்றனர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் மன்னாரின் முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் தாய்மாரும் பிள்ளைகளோடு புத்தளம் நோக்கிப் போக நேர்ந்தது. அவர்களுடைய துயரமும் இம்மண்ணின் துயரமே.

அடைக்கலம் தேடிய இடமும் எப்போதும் அடைக்கலமாக இருக்கவில்லை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி மடு ஆலய வளவில் எறிகணை விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தோர் பலர் மாண்டனர். 2006ஆம் ஆண்டு யூன் 17ஆம் திகதி கடலில் மோதல் நடந்ததை அடுத்துப் பேசாலை மக்கள் தங்கள் வெற்றி அன்னை ஆலயத்துக்குள் ஓடி ஒதுங்கினர். அங்கு கைக்குண்டு வீசப்பட்டது. கோயிலுக்குள் இருந்த வயோதிப மாது ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். அதே நாளில் கரையில் கடற்றொழிலாளரும் கொல்லப்பட்டனர். மக்கள் கடற்படையினரைக் குற்றஞ்சாட்டினர். படைத்தரப்பு அதனை மறுத்தது. செய்திகளில் அந்த மாது ஓர் எண்ணிக்கையாகவே நின்றார். அவருடைய செபமும் உழைப்பும் கண்ணீரும் அவரை அறிந்தவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. அவர்களும் எழுதாவிட்டால் அவையும் மறையும்.

வீடு ஒரு சிறிய கோயில்

நம் தாய்மாரின் பக்தியைப் பற்றிப் பேசும்போது, எத்தனை செபமாலை சொன்னார், எத்தனை முறை மடுவுக்குப் போனார் என்று மட்டும் கணக்கிடுகின்றோம். அது போதாது. அவருடைய விசுவாசம் வீட்டு வேலைகளோடு பின்னிப் பிணைந்திருந்தது.

திரிகாலச் செபத்தின் மணி கேட்டதும் அடுப்படியில் நின்றபடியே சிலுவை அடையாளம் இட்டார். பொழுதுபட்டதும் விளக்கேற்றிப் பிள்ளைகளைப் பாயில் இருத்திச் செபமாலை சொன்னார். பேசாலை ஆலயத்தின் பாதுகாவலியான வெற்றி அன்னையின் பெயரே செபமாலையோடு தொடர்புடையது. 1571ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி நடந்த கடற்போரின் வெற்றிக்கு நன்றியாக ஏற்படுத்தப்பட்ட வெற்றி அன்னையின் திருநாளே, பின்னர் செபமாலை அன்னையின் திருநாளாயிற்று. ஆனால் நம் தாய்மார் செபமாலையைப் போருக்காக எடுக்கவில்லை. கடலுக்குப் போனவர் கரை சேரவும், வயலில் விதைத்தது முளைக்கவும், காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழும்பவுமே அதை உருட்டினர்.

சோறு சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தார். அந்தப் பிடியரிசி கோயிலுக்கும் போயிற்று. அடுப்பெரியாத அயல்வீட்டுக்கும் போயிற்று. மடுவிலிருந்து கொண்டுவந்த மண்ணைச் சிறு பொட்டலமாகக் கட்டி வைத்தார். குரு வர வழியில்லாத இடத்தில் பிறந்த குழந்தை உயிருக்குப் போராடினால், எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்னும் திருச்சபையின் ஒழுங்கை அறிந்து, தாமே தண்ணீர் வார்த்துப் பெயரிட்ட தாய்மாரும் மருத்துவிச்சிகளும் உண்டு. தபசு காலத்தில் கடும் ஒருசந்தி காத்த அதே தாய், வயலில் கூலிக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பமாட்டார்.

இவை எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய விசுவாச வாழ்வு. இடம்பெயர்ந்து மரத்தின் கீழோ கொட்டிலிலோ தங்கியபோதும், ஒரு படத்தைச் சாய்த்து வைத்து அதன் முன் பிள்ளைகளை முழந்தாளிடச் செய்து, அந்த இடத்தை அவர் வீடாக்கினார். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் புனித பவுல், அந்த இளைஞனின் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லுமிடத்தில், அவனுடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் குறித்தே நினைவுகூருகின்றார். பெயர் குறிக்கப்பட்டதால் அப்பெண்கள் இருவரையும் இன்றும் நாம் அறிவோம்.

வழியில் இறந்த ஒரு தாய்

கல்லறையைப் பிரிந்து வாழும் குடும்பங்களுக்குப் புனித மொனிக்காவின் வரலாறு பெரிதும் ஆறுதல் தரக்கூடியது. இவர் நான்காம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவில், இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் வாழ்ந்தவர். கணவர் நெடுங்காலம் கிறிஸ்தவராக இருக்கவில்லை, கோபக்காரர். மகன் அகுஸ்தீன் கல்வியிற் சிறந்தவராயினும் தாயின் விசுவாசத்தை விட்டு விலகித் தம் போக்கில் போனார். அம்மகனுக்காக மொனிக்கா பல ஆண்டுகள் அழுது மன்றாடினார். அவர் கடல் கடந்து இத்தாலிக்குப் போனபோது, தாமும் கடல் கடந்து அவரைத் தேடிச் சென்றார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் மிலான் நகரில் ஆயர் அம்புரோசியார் அகுஸ்தீனாருக்கு ஞானஸ்நானம் வழங்கினார்.

தாயும் மக்களும் ஊர் திரும்புவதற்காக உரோமைக்கு அருகிலுள்ள ஒஸ்தியாத் துறைமுகத்தில் தங்கியிருந்தபோது மொனிக்கா காய்ச்சலில் விழுந்தார். ஒன்பதாம் நாள், 56ஆவது வயதில், இறந்தார். அதற்கு முன் அவர், தம் ஊரில் கணவரின் பக்கத்தில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்று மிகவும் விரும்பி, அதற்கென இடத்தையும் ஆயத்தம் செய்து வைத்திருந்தார். மற்றை மகன் அந்நிய மண்ணில் தாய் இறப்பதை எண்ணிக் கலங்கியபோது, தம்முடைய உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யலாம் என்றும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும், எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்றும் மொனிக்கா கூறினார். கடவுளுக்குத் தூரமான இடம் எதுவுமில்லை என்பதே அத்தாயின் நம்பிக்கை.

பத்து ஆண்டுகளின் பின் அகுஸ்தீனார் தம் வாழ்க்கையை எழுதியபோது தாயைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதினார். ஆனால் அந்நூல் முழுவதிலும் தாயின் பெயர் ஒரே ஒரு முறைதான் வருகின்றது. வாசிப்போர் தம் தாயையும் தந்தையையும் பீடத்தில் நினைக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் அப்பெயரை அவர் எழுதுகின்றார். அந்த ஒரு முறையாலேயே பதினாறு நூற்றாண்டுகள் கடந்தும் அப்பெயரை நாம் அறிந்திருக்கின்றோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அகுஸ்தீனார் தாயைக் குறையற்றவராகக் காட்டவில்லை. சிறுமியாய் இருந்த காலத்தில், பாத்திரத்தில் திராட்சை மது மொள்ளச் சென்ற வேளைகளில் திருட்டுத்தனமாகச் சிறிது சிறிதாகக் குடித்துப் பழகியதையும், ஒரு வேலைக்காரப் பெண் சுடச்சுடக் கேட்டபின் அதை விட்டொழித்ததையும் அவர் எழுதியிருக்கின்றார். அதனால் மொனிக்காவின் மதிப்புக் குறைந்துவிட்டதா? இல்லை. நம்மைப் போன்ற ஒரு பெண் என்று அவரை நாம் இன்னும் நெருங்குகின்றோம்.

1945ஆம் ஆண்டில் ஒஸ்தியாவில் விளையாட்டுக்காகக் குழி தோண்டிய சிறுவர் இருவர், மொனிக்காவின் கல்லறைக் கல்லின் ஒரு துண்டைக் கண்டெடுத்தனர். கல் மண்ணுக்குள் புதைந்து கிடந்த காலமெல்லாம் அவருடைய நினைவைக் காத்தது பிள்ளை எழுதிய எழுத்தே. திருச்சபை ஓகஸ்ட் 27ஆம் திகதி அவருக்கு விழா எடுக்கின்றது. மறுநாள் மகனுக்கு விழா.

நினைவு மலரில் எதை எழுதுகின்றோம்?

நம்மிடையே 31ஆம் நாள் நினைவுக்குச் சிறு மலர் வெளியிடும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் பல மலர்களைப் படித்தால் எல்லாத் தாயும் ஒரே தாயாகத் தோன்றுகின்றார். பாசத்தின் உறைவிடம், தியாகத்தின் சின்னம், குலவிளக்கு என்ற சொற்களே எங்கும் நிறைந்திருக்கின்றன. தாயின் பெயரை மாற்றினால் மலர் அடுத்த வீட்டுக்கும் பொருந்திவிடும். அன்பினால்தான் அப்படி எழுதுகின்றோம். எனினும் அச்சொற்களுக்குப் பின்னால் உண்மையான அம்மா மறைந்துபோகின்றார்.

மரண அறிவித்தலைப் பாருங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்குகின்றது. ஒரு காலத்தில் இரண்டு ஊரும் ஒன்றாகவோ அடுத்தடுத்த ஊராகவோ இருந்தன. இன்று பேசாலையில் பிறந்தவருக்கு வதிவிடம் கனடாவாக இருக்கலாம். அடம்பனில் பிறந்தவருக்கு மண்டபமாக இருக்கலாம். இவ்விரு ஊர்களுக்கும் இடையில் அத்தாய் கடந்த தூரம், மாறிய கொட்டில்கள், கைவிட்ட வயல், அடக்கம் செய்த பிள்ளை ஆகிய எதுவும் அந்த வரியில் இல்லை. அதை எழுதவேண்டியவர்கள் நாமே.

"அம்மா பக்தி மிக்கவர்" என்று எழுதுவதற்குப் பதிலாக, அவர் எந்தச் செபத்தை எந்த வேளையில் சொன்னார், அதை யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்று எழுதுங்கள். "அம்மா இரக்கமுள்ளவர்" என்பதற்குப் பதிலாக, முகாமில் பங்கீட்டு அரிசியை யாரோடு பகிர்ந்தார் என்று எழுதுங்கள். அவர் கண்டிப்பானவராக இருந்திருந்தால் அதையும் எழுதலாம். யாரோடோ பல ஆண்டுகள் பேசாதிருந்து பின் ஒரு பெரிய வியாழனன்று சமாதானம் ஆகியிருந்தால், அந்த ஒரு செய்தி நூறு புகழ்ச்சிக்குச் சமம்.

எழுதத் தொடங்கும் வழி

இதற்குப் புலமை தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும், பொறுமையாகக் கேட்கும் ஒரு பேரப்பிள்ளையும் போதும். தாய் உயிரோடிருந்தால் அவரிடமே கேளுங்கள். இல்லையேல் அவருடைய சகோதரிகளிடமும் தோழியரிடமும் கேளுங்கள். காலம் அதிகமில்லை. 1990ஆம் ஆண்டில் நாற்பது வயதாயிருந்த தாய் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். இடப்பெயர்வுக்கு முந்திய ஊரை வளர்ந்தவராய்க் கண்டு வாழ்ந்த தலைமுறை நம் கண்முன்னே குறைந்து வருகின்றது.

பின்வரும் ஒழுங்கு பயன்படலாம்.

1. பெயரும் பிறப்பும். முழுப்பெயர், வீட்டுப்பெயர், பெற்றோர், பேரன் பேத்தியர், பிறந்த ஊர். அப்பம்மாவின் அம்மா பெயர் தெரியுமா என்று கேளுங்கள். பல குடும்பங்களில் ஆண்வழியிற் பல தலைமுறை தெரியும்; பெண்வழி இரண்டாவது தலைமுறையிலேயே அற்றுப்போகும்.

2. கோயில் பதிவு. ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டைப் பார்க்கக் குருவானவரிடம் கேளுங்கள். 1908ஆம் ஆண்டு முதல், ஒருவர் வேறு பங்கில் திருமணம் செய்தாலும் அச்செய்தியை அவருடைய ஞானஸ்நானப் பதிவுக்கு அருகில் குறிக்க வேண்டும் என்ற ஒழுங்கு திருச்சபையில் இருக்கின்றது. ஆகவே திருமணப் பதிவு யுத்தத்தில் அழிந்திருந்தாலும், பிறந்த பங்கின் பதிவேட்டில் அதன் தடயம் கிடைக்கக்கூடும். அரச பதிவுகளின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

3. வழித்தடம். எந்த ஆண்டு, எந்த மாதம், எங்கிருந்து எங்கே போனோம், எதைக் கொண்டுபோனோம், எதை விட்டுவந்தோம். ஆண்டு நினைவில்லாவிட்டால், எந்தப் பிள்ளை அப்போது கைக்குழந்தை, எந்த ஊர்த் திருநாள் கழிந்திருந்தது, வயலில் காலபோகமா சிறுபோகமா என்று கேட்டால் அம்மா சரியாகச் சொல்வார்.

4. இறந்தோரின் இடம். வழியில் இறந்தவர்களை எங்கே, எந்த மரத்தின் அல்லது குளத்தின் அருகில் அடக்கினோம், யார் செபம் சொன்னார். இது கேட்பதற்கு மிகக் கடினமான கேள்வி. அவர் அழுதால் நிறுத்துங்கள். மறுநாள் அவரே தொடங்கக்கூடும்.

5. செபமும் பாட்டும். அவர் பாடும் தாலாட்டு, ஒப்பாரி, வியாகுலப் பாட்டு, பழைய செபங்கள். அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள்; திருத்தவேண்டாம். கைத்தொலைபேசியில் குரலையும் பதியலாம்.

6. கைப்பழக்கம். விதைநெல்லை எப்படித் தெரிந்தார், எந்த இலையைப் போட்டுச் சேமித்தார், எந்த மாதத்தில் எந்தத் தோட்டப்பயிர் இட்டார், கருவாடு எப்படிக் காயவைத்தார், ஓலையில் என்னென்ன இழைத்தார். இவையும் ஆஸ்தியே.

இரண்டு பிரதி எழுதி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஒரு றங்குப்பெட்டியோடு எல்லாம் போய்விடும் என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை.

காணியும் தாயின் நினைவும்

வயலை நம்பி வாழும் நமக்கு இன்னொரு காரியமும் உண்டு. விவிலியத்தில் ரூத்து ஆகமத்தை எடுத்துப் பாருங்கள். பஞ்சத்தினால் பெத்லகேமை விட்டு மோவாபு நாட்டுக்குக் குடிபெயர்ந்த நகோமி, அங்கே கணவரையும் இரு புதல்வரையும் இழந்தாள். மருமகள் ரூத்தோடு வாற்கோதுமை அறுவடை தொடங்கும் வேளையில் வெறுங்கையோடு ஊர் திரும்பினாள். ஆனால் அவளுக்கு ஊரில் கணவரின் நிலம் இருந்தது. அந்த நிலம் யாருடையது, உறவின் முறைப்படி அதை மீட்கும் உரிமை யாருக்கு என்பதை ஊர்ப் பெரியோர் வாயிலில் அமர்ந்து பேசித் தீர்த்தனர். போவாசு நிலத்தை மீட்டான். இடம்பெயர்ந்து திரும்பிய இரு விதவைகளின் உரிமை, உறவையும் நிலத்தையும் பற்றிய நினைவினால் நிலைநின்றது.

மன்னார்ப் பெருநிலத்தில் கட்டுக்கரைக்குளத்தின் நீரால் விளையும் வயல்களை எண்ணிப் பாருங்கள். யாருடைய துண்டு எந்த வாய்க்காலில் தொடங்கி எந்த வரம்பில் முடிகின்றது, எல்லையில் நின்ற மரம் எது, எந்தத் துண்டைச் சீதனமாகக் கொடுத்தோம், எதை ஈடு வைத்தோம் என்பன பல வீடுகளில் தாய்க்கே தெரியும். உறுதியும் அனுமதிப்பத்திரமும் எரிந்துபோன குடும்பத்துக்கு அவருடைய சொல் பெரிய உதவி. அவர் சொல்வதைத் திகதியிட்டு எழுதி, அறிந்த அயலவர் இருவரோடு சேர்ந்து அவரிடம் கையொப்பம் பெற்று வையுங்கள். அது உறுதிப்பத்திரம் ஆகிவிடாது. ஆயினும் கிராம அலுவலரிடமும் காணி அலுவலரிடமும் பேசப் போகும்போது எங்கே தேடுவது என்று காட்டும்.

அரச காணியில் தாய்க்கு உரிய இடத்தைச் சட்டமும் நெடுங்காலம் மறந்திருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியில், உரியவர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால், மனைவி தம் வாழ்நாள் வரை அனுபவிக்கலாம். மறுமணம் செய்தால் அதையும் இழப்பார். பிள்ளைகளுள் ஆண்மகனுக்கே முன்னுரிமை இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பின்னுரித்தில் ஆண் பெண் என்ற பாகுபாட்டை நீக்கியது. கணவன் காணாமற்போய்த் தனியே குடும்பத்தைச் சுமந்த தாய்மாரும், அவர்களுடைய பெண்மக்களும் இதை அறிந்திருக்க வேண்டும். தாயைப் புகழ்ந்து மலர் அச்சிட்டுவிட்டு, அவர் கூலியின்றி உழைத்த காணியில் மகளின் பெயரைத் தவிர்ப்பது அழகல்ல.

உயிரோடு இருக்கும் தாய்க்கு

கடைசியாக ஒன்று. நம் தாய்மாரின் தியாகத்தைப் பாராட்டும்போது, அத்தியாகத்தை யார் அவர்மீது சுமத்தினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். எல்லோரும் உண்டபின் சட்டியை வழித்து உண்டவர் அவர். முகாமில் தண்ணீருக்காக மணிக்கணக்காக வரிசையில் நின்றவர் அவர். நோய் வந்தபோது சொல்லாமல் மறைத்தவரும் அவரே. கடவுளுக்காகச் செய்த ஒறுத்தல் ஒன்று. மற்றவர் கவனியாததால் வந்த பட்டினி வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து மகிழ்வது சரியல்ல. அம்மாவின் நினைவுக்கு நாம் செய்யும் சிறந்த காணிக்கை, இன்று நம் வீட்டில் அந்த இடத்தில் இருக்கும் மனைவியையும் மருமகளையும் மகளையும் நேரத்துக்கு உண்ணச் செய்வதும், அவர்களுடைய சுமையில் பங்கெடுப்பதும், அவர்கள் சொல்வதைக் கேட்பதுமாகும்.

பிடியரிசியையும் மீண்டும் தொடங்கலாம். நாளொன்றுக்கு ஒரு பிடி வீதம் ஒரு வட்டாரத்தின் பத்து வீடுகள் சேர்த்தால், மாத முடிவில் வருமானமற்ற ஒரு முதிய தாயின் பானைக்கு அது போதுமான துணை. தாயின் நினைவு நாளில் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கும் குடும்பம், அன்றே இப்படியொரு நற்செயலையும் தொடங்கினால் அந்நினைவு ஆண்டு முழுவதும் நிற்கும்.

கல்லறைக்குப் போகக்கூடியவர்கள் போய் மெழுகுதிரி ஏற்றுங்கள். போகமுடியாதவர்கள் மொனிக்காவின் சொல்லை நினைத்து, இருக்கும் இடத்துப் பீடத்தில் தாயின் பெயரைச் சொல்லுங்கள். இரு திறத்தாரும் அடுத்த நவம்பர் வருமுன் கொப்பியின் முதற் பக்கத்தில் அவருடைய முழுப்பெயரை எழுதிவிடுங்கள். அடுத்த பக்கத்தை அவரை அறிந்த யாரிடமாவது கேட்டு நிரப்புங்கள்.